இருபத்தெட்டு மணி ஜெபமாலை

தங்கச்சிமடத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகிற வல்லத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதல் பேச்சு ஜெபமாலையைப் பற்றித்தான் இருக்கும்.

"ஏ, நேத்து ஜெபமாலை சொன்னியாடி?" என்பாள் ஒருத்தி.

"ஒரு மணி விட்டுப்போச்சுக்கா. அசந்து தூங்கிட்டேன்" என்பாள் இன்னொருத்தி.

"அப்ப இன்னைக்கு ரெண்டு மணியாச் சொல்லிரு."

வல்லம் ஓட்டுகிற மனிதர் இதைக் கேட்டுக் கேட்டு மனம் உருகிப்போனார். நம்ம வல்லத்தில் வருகிற பொம்பளைகளுக்கு இருக்கிற பக்தி இந்தத் தீவில் எவளுக்கும் கிடையாது என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அந்த ஜெபமாலைக்கு இருபத்தெட்டு மணி. இருபத்தொன்று வெள்ளை, ஏழு கறுப்பு. அட்டையின் முதுகைப் பெருவிரலால் அமுக்கினால் ஒவ்வொன்றாகப் பிதுங்கி வெளியே வரும். கர்ப்பத்தடை மாத்திரைதான், வேறென்ன! வெள்ளைக்கு, கோயில் ஜெபமாலையில் வருகிற மாதிரியே, சந்தோஷ தேவ ரகசியம் என்று பெயர். கடைசி ஏழுக்குத் துக்க தேவ ரகசியம். "எனக்குத் துக்கம் ஆரம்பிச்சிருச்சு" என்று ஒருத்தி சொன்னால் அவளுக்கு வீட்டு விலக்கு வரப்போகிறது என்று அர்த்தம். ஆண்பிள்ளை ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து இஞ்சினைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பெண்கள் தங்கள் கதையைப் பேச வேறு வழி என்ன இருக்கிறது?

இந்தப் பாஷையைக் கண்டுபிடித்த புண்ணியவதி புஷ்பமேரி. பாசிப் பெண்களுக்குத் தலைவி அவள்தான். தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினால், மற்றவர்கள் பயந்துபோய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும் மேலே வரமாட்டாள். வாய் அதைவிட நீளம். இதில் கூத்து என்னவென்றால், கோயிலில் சாயங்காலம் உண்மையான ஜெபமாலையை முன்நின்று சொல்லுகிறவளும் அவளேதான். "இது பாவமில்லையாக்கா?" என்று யாராவது கேட்டால், "மாதாவும் பொம்பளதானடி, அவுகளுக்குப் புரியும்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

வல்லத்து ஆள் மட்டுமல்ல, அவள் புருஷன் இன்னாசிக்கும் இந்த ரகசியம் தெரியாது. அதுதான் அவள் வயிற்றில் கிடந்த கல். இன்னாசி விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். இரண்டும் ஆணாகப் பிறந்துவிட்டதே என்று அவனுக்குத் தீராத குறை. மூத்தவன் கிளாட்சனும் இளையவனும் ஒருத்தனை ஒருத்தன் போட்டு மிதிக்கும்போதெல்லாம், "ஒரு பொம்பளப் புள்ள இருந்தா வீடு இப்படியா இருக்கும்?" என்று பெருமூச்சு விடுவான். வருஷம் தவறாமல் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நடந்தே போய், பெண் குழந்தை கேட்டு மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வருவான். புஷ்பமேரியும் கூடவே போய் முழங்கால் போடுவாள். வீட்டுக்கு வந்து இராத்திரி ஒரு மடக்குத் தண்ணீரோடு ஒரு மணியை விழுங்குவாள். இன்னொரு பிள்ளையைச் சுமக்கவும் முடியாது, கடலை விட்டு வீட்டில் உட்காரவும் முடியாது, புருஷனிடம் சொல்லி அவன் முகம் வாடுவதைப் பார்க்கவும் முடியாது. குடும்பக்கட்டுப்பாடு ஆப்பரேஷன் பண்ணினால் அப்புறம் முங்க முடியாது என்று யாரோ கிளப்பிவிட்ட பயம் வேறு. ஆக, மாத்திரை. ஏழு வருஷமாக இப்படித்தான் ஓடியது.

ஜோஸ்லின் அவள் கூட்டத்தில் சின்னவள். புஷ்பமேரியைச் சொந்த அக்காவாகவே நினைத்துக்கொண்டு பின்னாலேயே திரிகிறவள். இரண்டாவது பிள்ளை பால்குடி மறந்ததும், "எனக்கும் ஜெபமாலை வாங்கிக் குடுக்கா" என்று வந்து நின்றாள். புஷ்பமேரி தான் வழக்கமாகப் போகிற தனியார் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு எல்லாம் அதில்தான் வந்து நின்றது. டாக்டரம்மாவுக்கு அன்றைக்கு நல்ல கூட்டம். தலையை நிமிர்த்தாமலேயே, "எத்தனை பிள்ளை? பால் குடுக்கிறியா? சரி" என்றார். அட்டையை உள்ளேயிருந்த தாளோடு பெட்டியிலிருந்து உருவி, தாளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அட்டையை மட்டும் ஒரு காகித உறையில் போட்டு நீட்டினார். பிரஷர் பார்க்கிற கருவி மேஜை மேலேயே இருந்தது. அதன் மேல் அவர் கைக்குட்டை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். "பாத்தியா, எம்புட்டு லேசு!" என்று புஷ்பமேரி பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அட்டை மாற்றி அட்டையாக நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் பாசி எடுத்துவிட்டுக் கரைக்கு வந்தபோது ஜோஸ்லினின் இடது கால் கெண்டையில் சுரீரென்று வலி. மறுநாள் கால் வீங்கிச் சிவந்துபோனது. கடலோரத்துப் பெண்களுக்கு இதில் சந்தேகம் வருமா? சொறிதான்! சொறி என்றால் தண்ணீரில் குடை மாதிரி மிதந்து வருமே, அந்த ஜந்து. உடம்பில் பட்டால் நெருப்பில் சுட்டது போலச் சிவந்து வீங்கும். பாசிக்காரிகளில் அதனிடம் வாங்காதவள் எவளும் இல்லை. உள்நாட்டுக்காரியாக இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். இவர்களுக்குத்தான் கடல் வைத்தியம் அத்தனையும் கைவசம் இருக்கிறதே! வினிகரை ஊற்றினார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். புஷ்பமேரி தேங்காய் எண்ணெயைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டாள். அவள் கைக்கு என்ன தெரியும், உள்ளே இரத்தம் கட்டிக் கிடக்கிறதென்று?

மூன்றாம் நாள் ஜோஸ்லினுக்கு மூச்சு முட்டியது. அவள் புருஷன் ரெக்ஸும், அவன் வேலை பார்க்கிற படகிலேயே போகிற இன்னாசியும், புஷ்பமேரியும் ஒரு காரைப் பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தைத் தாண்டி இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

"என்ன ஆச்சு? மாத்திரை மருந்து எதுவும் சாப்பிடுறாங்களா?" என்று அவசரப் பிரிவு டாக்டர் கேட்டார்.

ஒரு பக்கம் ரெக்ஸ், இன்னொரு பக்கம் இன்னாசி. புஷ்பமேரிக்கு நாக்கு தானாகப் புரண்டது. "ஒண்ணுமில்லைங்கய்யா. சொறி பட்டிருச்சு" என்று சொல்லிவிட்டாள். டாக்டரும் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஜோஸ்லின் கண்ணைத் திறந்தாள். பேச மூச்சு இல்லை. "ஜெபமாலை... ஜெபமாலை..." என்றாள்.

ரெக்ஸ் உடைந்துபோய்விட்டான். சாகப்போகிறவள் மாதாவைத் தேடுகிறாள் என்று நினைத்தான். கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி அவள் கையில் திணித்துத் தரையில் முழங்கால் போட்டான். இன்னாசியும் போட்டான். "மேரி, நீ ஆரம்பி" என்றான் அழுதுகொண்டே. ஜோஸ்லின் அந்த மாலையை உதறினாள், புஷ்பமேரியைப் பார்த்தாள், மறுபடியும் "ஜெபமாலைக்கா" என்றாள். பார்த்த பார்வையில் அத்தனை ஆத்திரம்.

பாருங்கள், பழக்கம் என்பது எவ்வளவு பெரிய சனியன்! புஷ்பமேரி ஒரு மங்களவார்த்தை ஜெபத்தைப் பாதிவரைக்கும் சொல்லியேவிட்டாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. இவள் மாதாவைக் கூப்பிடவில்லையே, மாத்திரையைச் சொல்லச் சொல்லுகிறாளே! அப்படியே எழுந்து ஓடிப்போய் அந்த டாக்டரின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "ஐயா, நான் சொன்னது பொய். அவ கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுறா" என்றாள். டாக்டரின் முகம் மாறியது. அதன் பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். காலில் கட்டிய இரத்தத்தில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது என்றார்கள். ஜோஸ்லின் பிழைத்துக்கொண்டாள்.

பிழைத்து வந்தவளுக்கு இரத்தம் உறையாமல் இருக்க மருந்து, காலில் இறுக்கமான உறை, கடல்பக்கமே போகக்கூடாது என்ற கட்டளை. "மாத்திரை குடுக்கும்போது பிரஷர் பாத்தாங்களா? குடும்பத்துல யாருக்காவது இரத்தம் கட்டியிருக்கான்னு கேட்டாங்களா?" என்று மதுரை டாக்டர் கேட்டாராம். ஜோஸ்லினைப் பெற்றவள் பிரசவம் ஆன கொஞ்ச நாளில் கால் வீங்கி, மூச்சு முட்டித்தான் செத்துப்போனாள். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஜோஸ்லின் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. ரெக்ஸுக்கு மாத்திரை விஷயம் அப்போதுதான் தெரியும். "நீ உசுரோட இருக்கேல்ல, அது போதும்" என்றான். நல்ல பிள்ளை.

ஆனால் ஜோஸ்லினுக்கு அது போதவில்லை. "நாளைக்கு இன்னொருத்திக்கும் இப்படித்தானே உறையில போட்டுக் குடுப்பாக?" என்றாள். சட்ட உதவி மையம் மூலம் மதுமதி என்ற வக்கீல் கிடைத்தாள். கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள், பேச்சிலும் அந்தக் காரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்ஸ் வீட்டுக்கே வந்து எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"மாத்திரைக் கம்பெனி மேல கேஸ் போடுங்கம்மா. அமெரிக்காவுல கோடி கோடியாக் குடுக்காங்களாம், யூடியூப்ல பாத்தேன்" என்றான் ரெக்ஸ்.

"அண்ணே, அமெரிக்காவை விடுங்க" என்றாள் மதுமதி. "கம்பெனிக்காரன், யாரு சாப்பிடக் கூடாதுன்னு உள்ள ஒரு தாள்ல தெளிவாப் போட்டிருக்கான். எச்சரிச்சவனைப் பிடிக்கிறது கஷ்டம். மாத்திரையும் மோசமான மாத்திரை இல்ல. லட்சக்கணக்கான பொம்பளைங்களுக்கு ஒத்துக்குது. கேக்க வேண்டியதைக் கேக்காம, பாக்க வேண்டியதைப் பாக்காம குடுத்ததுதான் தப்பு. நாம காசு குடுத்து வைத்தியம் பாத்திருக்கோம், அதனால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல நஷ்ட ஈடு கேக்கலாம். ரெண்டு வருசத்துக்குள்ள போட்டிரணும். மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் பண்றது தனி வழி. அது டாக்டரோட லைசென்ஸ் சம்பந்தப்பட்டது. ஒங்களுக்கு எது வேணும், யோசிச்சுச் சொல்லுங்க."

"லைசென்ஸ் எல்லாம் வேணாம்" என்றாள் ஜோஸ்லின். "வைத்தியத்துக்கு ஆனது வரணும். இனிமே கேட்டுக் குடுக்கணும். அம்புட்டுத்தான்."

வழக்குப் போட்டார்கள். கிளினிக் தரப்பிலிருந்து பதில் வந்தது. இந்தப் பெண் மாத்திரை வாங்க எங்களிடம் வரவே இல்லை, வேறெங்காவது வாங்கியிருப்பாள் என்றார்கள். சொறி பட்டதாக அவளுடன் வந்தவளே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள் என்றும் போட்டிருந்தார்கள். இரண்டு விதமாகப் பேசிய அந்தப் பெண்ணை நேரிலேயே விசாரிக்க வேண்டும் என்று கேட்டார் அவர்கள் வக்கீல் காளிராஜ். ஆணையமும் சரி என்றுவிட்டது.

மதுமதி புஷ்பமேரியிடம் ஒளிக்காமல் சொன்னாள்: "அக்கா, அந்த ரூமுக்குள்ள ஜோஸ்லின் கூட இருந்தது நீங்க மட்டுந்தான். நீங்க பேசுனா வழக்கு நிக்கும், இல்லாட்டிப் படுத்திரும். நீங்க அங்க ஏன் போனீங்க, அந்த எடம் எப்படித் தெரியும்னு கண்டிப்பாக் கேப்பாங்க. உள்ளதைச் சொல்லணும்."

உள்ளதைச் சொன்னால், அவளும் மாத்திரை சாப்பிடுவது இன்னாசிக்குத் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் ஜோஸ்லின் தோற்றுப்போவாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். புஷ்பமேரிக்கு ஊர்வாயைப் பற்றிக்கூடக் கவலையில்லை, அதற்குத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு வாய் இருக்கிறது. இன்னாசியின் முகத்துக்குத்தான் அவள் பயந்தாள். வெடுக்கென்று பேசுகிறவள் இரண்டு வாரமாக வல்லத்தில் வாயே திறக்கவில்லை. "மேரியக்காவுக்குப் பல்வலி" என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள்.

விசாரணை ஏப்ரல் கடைசியில் வந்தது. இன்னாசி கடலில் இருக்கும்போது போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றால், அது மீன்பிடித் தடைக்காலம். ஊரில் ஒரு விசைப்படகும் போகாது.

"ஒங்களுக்கு வலையில வேலை கெடக்குமே. நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"தடைக்காலத்துல எனக்கு என்ன பெரிய வேலை? நம்ம ஜோஸ்லினுக்கு நியாயம் கேக்கப் போற, நான் இங்கன படுத்துக் கெடக்கவா?" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான் இன்னாசி. வழியெல்லாம் அவளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்தான். அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

இராமநாதபுரம் ஆணையத்தில் தலைவரும் ஒரு பெண் உறுப்பினரும் மேலே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ஓரத்து நாற்காலியில் இருந்தார். ஜோஸ்லினும் ரெக்ஸும் முன்வரிசையில், இன்னாசி கடைசி பெஞ்சில். காளிராஜ் எழுந்தார். தேன் தடவின குரல்.

"ஏம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொறி பட்டிருச்சுன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்."

"கொஞ்ச நேரத்துல மாத்திரைன்னு மாத்துனது?"

"அதுவும் நாந்தான்."

"அந்தப் பொண்ணு மயங்குற நெலமையில சொன்னது ஒரே வார்த்தை. 'ஜெபமாலை, ஜெபமாலை'ன்னு சொன்னதா அவங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டிருக்காரு. மாத்திரைன்னு அவங்க வாயிலிருந்து வரவே இல்ல. ஒங்களுக்கு மட்டும் அது எங்கேருந்தும்மா வந்துச்சு? வெளிய போயி யோசிச்சுச் சோடிச்ச கதைதானே இது?"

புஷ்பமேரி ஜோஸ்லினைப் பார்த்தாள். அவள் காலில் அந்த இறுக்கமான உறை, இந்த வெயிலிலும். கடைசி பெஞ்சைப் பார்த்தாள். இன்னாசி, 'தைரியமாச் சொல்லு' என்று தலையை ஆட்டினான். ஐயோ, அந்த மனுசன் தலையை ஆட்டாமலாவது இருந்திருக்கக் கூடாதா?

"ஜெபமாலைன்னா மாத்திரைதாங்கய்யா" என்றாள்.

"என்னது?"

"பாசிக்குப் போற பொம்பளைக நாங்க மாத்திரையை ஜெபமாலைன்னுதான் சொல்லுவோம். வல்லத்துல ஆம்பளை இருப்பாகள்ல, அதுக்காக. ஒரு நாள் மறந்தா ஒரு மணி விட்டுப்போச்சும்போம். அந்தப் பேரை வச்சதே நாந்தான். அவ மாதாவைக் கூப்பிடல, என்னையத்தான் கூப்பிட்டா. நான் பொய் சொன்னதைத் திருத்தச் சொன்னா."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். காளிராஜ் விடவில்லை. "சரி, அந்தக் கிளினிக்குலதான் வாங்குனதுன்னு எப்படிச் சொல்றீங்க? அந்த எடம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்கனதான ஏழு வருசமா வாங்குறேன்!" புஷ்பமேரிக்கு இப்போது குரல் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கியாயிற்று, இனி அடிவரைக்கும் போகவேண்டியதுதான். "டாக்டரம்மா, ஒங்க முன்னாலயே சொல்லுறேன். நாந்தான் அவளைக் கூட்டியாந்தேன். ரெண்டு நிமிசம்கூட ஆகல. தாளைக் கூடையில போட்டீக. பிரஷர் மிசினு மேல ஒங்க கைக்குட்டை காஞ்சுச்சு, நீலப் பூப் போட்டது. ஒன் அம்மா எப்படிச் செத்தாகன்னு இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவ சொல்லியிருப்பா."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். மேலே இருந்த பெண் உறுப்பினர் முன்னால் சாய்ந்தார். "நீங்க இப்பவும் அதே மாத்திரைதான் சாப்பிடுறீங்களாம்மா?"

"நேத்து ராத்திரி வரைக்குங்கம்மா. எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையேன்னு..."

"ஒங்களுக்கு என்னைக்காவது பிரஷர் பாத்திருக்காங்களா?"

"ஒரு நாளும் இல்லீங்க."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காளிராஜ் மதுமதியிடம் வந்து, சமரசமாகப் போய்விடலாம் என்றார். வைத்தியச் செலவும், ஜோஸ்லின் கடலுக்குப் போகமுடியாத காலத்துக்கு ஈடும் தர ஒத்துக்கொண்டார்கள். அது மட்டும் போதாது என்று ஜோஸ்லின் பிடிவாதமாக நின்றாள். மாத்திரை கேட்டு வருகிற ஒவ்வொருத்திக்கும் பிரஷர் பார்க்க வேண்டும், குடும்பத்தில் இரத்தம் கட்டின சரித்திரம் உண்டா என்று கேட்க வேண்டும், யார் சாப்பிடக் கூடாது என்று தமிழில் போர்டு எழுதி வைக்க வேண்டும் என்றாள். "வைக்கிறேன்மா. நான் கேட்டிருக்கணும்" என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆணையம் அதை உத்தரவாகவே பதிந்தது. ஜோஸ்லின் புஷ்பமேரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

புஷ்பமேரிக்கு அந்தச் சந்தோஷத்தில் முழுசாகக் கலந்துகொள்ள முடியவில்லை. வாசலுக்கு வெளியே இன்னாசி நின்றுகொண்டிருந்தான்.

"ஏழு வருசமா?" என்றான்.

"ஆமா."

"ஓரியூர்ல எனக்குப் பக்கத்துலதானே முழங்கால் போட்ட?"

"போட்டேன்."

"நான் பொம்பளப் புள்ள கேட்டேன். நீ என்னத்தைக் கேட்ட?"

"நீங்க போற படகு பத்திரமாக் கரைக்கு வரணும்னு கேட்டேன். வேற ஒண்ணுங் கேக்கல" என்றாள்.

அவன் விடுவிடுவென்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் அவள் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். பேசாமல் போனதுதான் தாங்கவில்லை. அங்கேயே நின்று ஓவென்று அழுதாள்.

மதுமதி அவள் கையைப் பிடித்தாள். "அழுகுறதை அப்பறம் பாத்துக்கலாம்க்கா. அந்த மெம்பரம்மா கேட்டது என் காதுலயே நிக்குது. வாங்க, மொதல்ல பிரஷர் பாத்துருவோம்" என்று ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

நர்ஸ் ஒரு தடவை பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. டாக்டர் வந்தார். "இதோடயா மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க? இனிமே ஒண்ணுகூடத் தொடக்கூடாது. இப்படியே விட்டிருந்தா கையோ காலோ விழுந்திருக்கும், இல்ல ஆளே விழுந்திருப்பீங்க."

"அந்த மாத்திரையாலயா சார்?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

இன்னாசிதான். பஸ் ஸ்டாண்டுவரைக்கும் போனவன், இவர்கள் ஆட்டோ ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறான். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"அதுவும் ஏத்தியிருக்கலாம், முன்னாடியே இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர். "பாத்திருந்தா இந்த மாத்திரையைக் குடுத்திருக்கவே மாட்டாங்க."

டாக்டர் போனதும் நர்ஸ் வேறு வழிகளைச் சொன்னார். காப்பர் டி இருக்கிறது, பெண்களுக்கு ஆப்பரேஷன் இருக்கிறது, அதனால் கடலில் முங்க முடியாமல் போகும் என்பதெல்லாம் கட்டுக்கதை என்றார். "ஆம்பளைங்களுக்கும் இருக்கு. கத்தியே வைக்கமாட்டாங்க, சின்னதா ஒரு ஓட்டை, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம். ஆனா ஒருத்தரும் எட்டிப் பாக்கிறதில்ல" என்று சிரித்தார்.

"கடலுக்கு எப்பப் போகலாம்?" என்று கேட்டான் இன்னாசி.

நர்ஸ் சிரிப்பை நிறுத்தினார். "ஒரு வாரம் பாரம் தூக்காம இருந்தாப் போதும். ஆனா மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் நம்பணும். அதுவரைக்கும் ஆணுறை."

"தடைக்காலம் முடிய இன்னும் எம்புட்டோ நாள் கெடக்கு, சும்மாதானே இருக்கேன்" என்றான் இன்னாசி. "மீனு குஞ்சு பொரிக்கட்டும்னுதானே கவருமெண்டு எங்களைக் கரையில ஒக்கார வச்சிருக்கு. அதுக பெத்துப் பெருகட்டும்மா. நாங்க நிப்பாட்டிக்கிறோம்."

நர்ஸுக்கும் மதுமதிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. புஷ்பமேரி சிரிக்கவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"வீம்புக்குப் பேசாதீக. பொம்பளப் புள்ள வேணும்னு எத்தனை வருசம் நடந்தீக!"

"வேணுந்தான். இப்பவும் எனக்கு வேணுந்தான்" என்றான் இன்னாசி. கண் கலங்கியிருந்தது, கோபமும் இன்னும் முழுசாகப் போகவில்லை. "நீ சொல்லியிருக்கணும், மேரி. அதை நான் லேசுல மறக்கமாட்டேன். அதுக்காக, பொறக்காத ஒருத்திக்காகப் பொறந்து வந்து என்கூட நிக்கிற ஒருத்தியை நான் தொலைக்கவா?"

புஷ்பமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மதுமதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இன்னாசி அதை வாங்கித் திறந்து, முதலில் புஷ்பமேரியைக் குடிக்கச் சொன்னான்.